ஒபரேசன் செய்த காலும் உறங்காத ராத்திரியும்



முப்பது வருஷம் கூடையோடு மலையேறி இறங்கிய முழங்கால் ஒரு நாள் மடங்க மறுக்கும். எண்ணெய், கட்டு, குளிசை எல்லாம் பார்த்து முடிந்த பிறகு, சிலருக்கு சத்திரசிகிச்சைதான் வழி என்று டாக்டர் சொல்லுவார். தேய்ந்த எலும்பு முனைகளைச் சீவிவிட்டு, உலோகமும் பிளாஸ்டிக்கும் கொண்ட புது மூட்டைப் பொருத்துவார்கள். காயம் ஆறும், நடை திரும்பும் என்று ஆறுதல் சொல்லி வீட்டுக்கு அனுப்புவார்கள். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு வரும் ராத்திரிகளைப் பற்றி நம்மிடையே பேச்சு குறைவு. இந்தப் பாடம் அந்த ராத்திரியைப் பற்றியது.

ஒரு தாயின் அனுபவம்

கொழுந்து எடுத்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா. பெயர் வேண்டாம். அவருடைய மகளை யாழ்ப்பாணத்தில், மானிப்பாய்ப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறது. லயத்துப் படியும் சரிவான பாதையும் ஒபரேசன் செய்த காலுக்கு ஆகாது, யாழ்ப்பாணம் என்றால் தரை சமம் என்று மகள் அவரைத் தன்னோடு கூட்டிப் போனார். சத்திரசிகிச்சையும் அங்கேயே நடந்தது. சேமலாப நிதிப் பத்திரம் ஒன்றில் கையெழுத்து வாங்க நான் போனபோது நான்காவது வாரம். காயம் நன்றாக ஆறியிருந்தது. கைத்தடியோடு முற்றத்தில் நடந்து காட்டினார். முகம் மட்டும் வாடிக் கிடந்தது.

"பகல்ல ஒண்ணும் இல்லீங்க ஐயா. பொழுது சாஞ்சு கட்டில்ல படுத்தா போதும், ரெண்டு காலும் சும்மா இருக்க மாட்டேங்குது. உள்ளுக்குள்ள புழு நெளியிற மாதிரி இருக்கு. எழும்பி நாலு எட்டு நடந்தா நிக்குது. திரும்பப் படுத்தா திரும்ப வருது. கால கழட்டி வச்சிட்டுத் தூங்கலாமான்னு இருக்குங்க."

வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். சம்மந்தியம்மா, "உது வாதம் தம்பி, காயத்துக்குள்ள குளிர் ஏறியிட்டுது" என்றார். கொழும்பில் வேலை செய்யும் மகன், "அம்மா பயந்துபோய் இருக்கு, எல்லாம் மனசுதான்" என்று போனில் சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர், சளிக்குப் போடும் பிரிற்றன் குளிசையைக் கொடுத்து, "இதப் போட்டா நித்திரை வரும்" என்றிருக்கிறார். அதைப் போட்ட இரவுகளில் கால் இன்னும் மோசம்.

அன்றிரவு நான் அங்கேயே தங்கினேன். ஒரு மணிக்கு மேல் சத்தம் கேட்டு எழும்பிப் பார்த்தால், அந்த அம்மா விறாந்தையில் நடக்கிறார். விளக்குப் போடவில்லை, கைத்தடி எடுக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு இருட்டில் நடக்கிறார். கேட்டதற்கு, "மத்தவங்க தூக்கம் கெட்டுடுமுங்க" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. புது மூட்டோடு இருட்டில் ஒரு தடவை விழுந்தால், செய்த சிகிச்சை எல்லாம் வீணாகிப் போகலாம். எலும்பும் முறியலாம். இந்தப் பாடத்தை எழுத வேண்டும் என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

இதற்குப் பெயர் உண்டு

இது பேயும் இல்லை, பயமும் இல்லை. டாக்டர்மார் இதை 'ரெஸ்ட்லெஸ் லெக்ஸ்' என்கிறார்கள். நாம் 'ஓயாத கால்' என்று வைத்துக்கொள்ளலாம். 1672 ஆம் ஆண்டிலேயே தோமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் இதைப் பற்றி எழுதினார். 1945 இல் சுவீடன் நாட்டு மருத்துவர் கார்ல் அக்செல் எக்பொம் இதைத் தனி நோயாக விவரித்துப் பெயர் கொடுத்தார். இரத்தத்தில் இரும்புச் சத்துக் குறைந்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது கூடுதலாக வருகிறது.

ஓயாத காலுக்கு நான்கு அடையாளம்:

1. காலை அசைத்தே ஆக வேண்டும் என்ற அடக்க முடியாத உந்துதல். கூடவே ஊர்வது, குடைவது, இழுப்பது போன்ற உணர்வு.
2. படுத்திருக்கும்போதும் உட்கார்ந்திருக்கும்போதும் வரும், கூடும்.
3. நடந்தால், நீட்டி மடக்கினால் குறையும்.
4. மாலையிலும் இரவிலும் அதிகம், பகலில் குறைவு.

இந்த நான்கும் இருந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். கெண்டைக்கால் சதை கட்டியாகி இறுகி வலித்தால் அது குரக்கை, வேறு விஷயம். சீனி வியாதி உள்ளவர்களுக்குப் பாதம் எரிவதும் மரப்பதும் நரம்புப் பாதிப்பாக இருக்கலாம். எது என்று பார்த்துச் சொல்வது டாக்டரின் வேலை.

ஒபரேசனுக்குப் பிறகு ஏன்?

முதலாவது, இரத்தம். முழங்கால் மாற்றும்போது இரத்தம் போகும். இரத்தத்தோடு இரும்பும் போகிறது. ஏற்கனவே இரும்பு குறைவாக உள்ள உடம்புக்கு இது பெரிய இழப்பு.

இரண்டாவது, அசையாமல் கிடப்பது. நாள் முழுக்க மலையில் நின்ற கால் இப்போது கட்டிலில் கிடக்கிறது. ஓயாத காலுக்கு ஓய்வுதான் எதிரி.

மூன்றாவது, மருந்து. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்த சிலருக்கு, பிறகு கொஞ்ச நாள் இந்தத் தொல்லை வருவதுண்டு. வாந்தியை நிறுத்தக் கொடுக்கும் மெற்றோகுளோபிரமைட் போன்ற மருந்தும் இதைக் கூட்டலாம். பிரிற்றன் போன்ற, நித்திரை வரவைக்கும் அலர்ஜிக் குளிசைகளும் அப்படித்தான். ஆளுக்கு மயக்கம் வரும், கால் மட்டும் மயங்காது. அந்த அம்மாவுக்கு நடந்தது இதுதான்.

நான்காவது, வலி. முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு முதல் சில வாரங்கள் நித்திரை கெடுவது ஓயாத கால் இல்லாதவர்களுக்கும் சாதாரணம். வீக்கமும் வலியும் குறையக் குறைய, பலருக்கு இரண்டு மூன்று மாதத்தில் நித்திரை படிப்படியாகத் திரும்பும். ஆகவே மனம் தளர வேண்டாம்.

இரும்பும் தேத்தண்ணியும்

இந்தப் பாடத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இந்தப் பகுதியை வையுங்கள்.

உடம்பின் அசைவை ஒழுங்கு செய்ய மூளையில் டோபமின் என்ற ஒரு பொருள் வேலை செய்கிறது. அது சரியாக இயங்க இரும்பு வேண்டும். மூளைக்கு இரும்பு போதாவிட்டால் இரவில் கால் ஓயாது. தோட்டத்துப் பெண்களுக்கு இரும்புக் குறைவு புதிதல்ல. மாதவிடாய், அடுத்தடுத்த பிரசவம், மீனும் இறைச்சியும் குறைந்த சாப்பாடு, வெறுங்காலில் ஏறும் கொக்கிப்புழு, எல்லாம் சேர்ந்து வருவது. கொக்கிப்புழுவை ஒழிக்க 1916 இலேயே ரொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு இலங்கைத் தோட்டங்களில் பெரிய வேலை தொடங்கப்பட்டது என்றால், பிரச்சினை எவ்வளவு பழையது என்று பாருங்கள்.

அந்த அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் இரும்புக் குளிசை கொடுத்துத்தான் இருந்தார்கள். ஒழுங்காகப் போட்டும் வந்தார். எதோடு போடுகிறீர்கள் என்று கேட்டேன். "சுடச்சுட சாயத்தண்ணியோடதாங்க" என்றார்.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. தேயிலையில் உள்ள துவர்ப்புச் சத்து, கீரையிலும் பருப்பிலும் குளிசையிலும் உள்ள இரும்பைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. உடம்புக்குள் போக விடுவதில்லை. சாப்பாட்டோடு ஒரு கோப்பை தேத்தண்ணி குடித்தால், அந்தச் சாப்பாட்டில் இருந்து கிடைக்க வேண்டிய இரும்பில் பாதிக்கு மேல் வீணாகலாம். நாம் பறிக்கும் கொழுந்தே நம் இரத்தத்துக்கு வரும் இரும்பைத் தடுக்கிறது.

தேத்தண்ணியை விடுங்கள் என்று நான் சொல்லவில்லை, சொன்னாலும் யாரும் விட மாட்டீர்கள். நேரத்தை மட்டும் மாற்றுங்கள்:

• சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது இடைவெளி வேண்டும். காலை ரொட்டியோடு சுடுதண்ணீர் குடியுங்கள். தேத்தண்ணி பத்து மணிக்கு.
• இரும்புக் குளிசையைத் தண்ணீரோடு, முடிந்தால் தேசிக்காய்த் தண்ணீரோடு போடுங்கள். பால், கல்சியம் குளிசை, வயிற்றெரிவு மருந்து இவற்றோடு சேர்க்க வேண்டாம்.
• பிற்பகல் இரண்டு மூன்று மணிக்குப் பிறகு தேத்தண்ணியும் கோப்பியும் வேண்டாம். அதில் உள்ள கஃபின் நித்திரையைக் கெடுக்கும், சிலருக்குக் காலையும் கிளப்பும்.

சாப்பாட்டில் மீன், கருவாடு, நெத்தலி, ஈரல், இறைச்சி இவற்றில் உள்ள இரும்பு உடம்பில் சுலபமாகச் சேரும். கீரை, முருங்கையிலை, பயறு, கௌபி, கடலை இவற்றிலும் இரும்பு உண்டு, ஆனால் சேருவது குறைவு. அவற்றோடு தேசிக்காய், நெல்லிக்காய், கொய்யா என்று ஒன்று சேர்ந்தால் கூடச் சேரும். யாழ்ப்பாணத்தில் முருங்கையிலையை வறுத்து வறை செய்வார்கள். நம் வீட்டிலும் செய்து, சாப்பிடும்போது தேசிக்காய் பிழிந்துகொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. இரும்புக் குளிசையைக் கடையில் வாங்கி நீங்களாகத் தொடங்க வேண்டாம். தலசீமியா போன்ற இரத்த நோய் உள்ளவர்களுக்கு இரும்பு கூடினாலும் ஆபத்து. முதலில் இரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12 க்குக் கீழேயும் ஆண்களுக்கு 13 க்குக் கீழேயும் போனால் இரத்தசோகை. ஆனால் அது சரியாக இருந்தும் உடம்பின் இரும்புச் சேமிப்புக் குறைந்திருக்கலாம். அதைக் காட்டுவது 'பெரிட்டின்' என்ற பரிசோதனை. ஓயாத கால் உள்ளவர்களுக்கு அது 75 அல்லது அதற்குக் கீழே இருந்தால் இரும்பு கொடுப்பதைப் பற்றி டாக்டர்மார் யோசிப்பார்கள். ஒபரேசன் செய்த புதிதில் உடம்பின் அழற்சியால் இந்த இலக்கம் பொய்யாக உயர்ந்து காட்டலாம். ஆகவே ஒபரேசன் நடந்த திகதியையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

குளிசையால் மலம் கறுப்பாகப் போகும், மலச்சிக்கலும் வரலாம். கறுப்பைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் தார் மாதிரிப் பிசுபிசுப்பாக, கெட்ட மணத்தோடு போனால் டாக்டரிடம் காட்டுங்கள். இன்னொன்று, பிள்ளைகள் இனிப்பென்று எடுத்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

இரவுக்கு ஒரு ஒழுங்கு

1. பகலில் டாக்டரும் பிசியோதெரபிக்காரரும் சொன்ன பயிற்சியைத் தவறாமல் செய்யுங்கள். ஒரே நேரத்தில் நீண்ட நடை வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை.

2. படுத்தபடி பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள், இருபது தடவை. இது ஓயாத காலுக்கும் நல்லது, இரத்தம் கட்டாமல் இருக்கவும் நல்லது.

3. வலிக் குளிசையை டாக்டர் சொன்ன அளவில், படுக்கைக்குப் போகுமுன் போடும்படி நேரத்தை அமையுங்கள். 500 மில்லிகிராம் பனடோல் வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது. மெலிந்தவர்களுக்கும் ஈரல் நோய் உள்ளவர்களுக்கும் அதிலும் குறைவு. டிக்ளோபெனாக் போன்றவற்றைக் கேட்காமல் வாங்கிப் போடாதீர்கள், சிறுநீரகத்துக்குக் கேடு. சிறுநீரகம் கெட்டால் அதுவும் ஓயாத காலுக்கு ஒரு காரணம்.

4. மல்லாந்து படுத்தால் முழங்காலுக்கு நேர் கீழே தலையணை வைக்காதீர்கள். சுகமாகத்தான் இருக்கும், ஆனால் மூட்டு மடங்கியபடியே இறுகிவிடும். குதிக்காலுக்குக் கீழே வையுங்கள். சரிந்து படுக்க டாக்டர் அனுமதித்திருந்தால் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஒரு தலையணை.

5. வீக்கத்துக்கு ஐஸை நேரே வைக்காமல், துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிஷம். ஐஸ் இல்லாத வீட்டில் பிளாஸ்டிக் பைக்குள் பச்சைத்தண்ணி ஊற்றிக் கட்டி, அதைத் துணியில் சுற்றி வைக்கலாம். காயம் நனையக் கூடாது.

6. தொடையை மெதுவாகத் தடவிக் கொடுக்கலாம். காயத்தில் எண்ணெயோ தைலமோ வேண்டாம். வீங்கிய கெண்டைக்காலை அமுக்கிப் பிடிக்கவே வேண்டாம்.

7. சாராயமும் புகையிலை போட்ட வெற்றிலையும் இரவு நித்திரையைக் கெடுக்கும். 'ஒரு கிளாஸ் போட்டா வலி தெரியாது' என்பவரின் பேச்சைக் கேட்காதீர்கள்.

8. கால் கிளம்பினால் கட்டிலில் கிடந்து அதோடு சண்டை பிடிக்க வேண்டாம். எழும்பி நடக்கலாம். ஆனால் முதலில் விளக்கு, பிறகு கைத்தடி, அதன் பிறகுதான் நடை. லயத்தில் கக்கூஸ் வெளியில் என்றால் டோர்ச் தலைமாட்டில் இருக்க வேண்டும், ஒருவர் கூடப் போக வேண்டும்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை. ராத்திரி எழுப்பினால் முகம் சுளிக்காதீர்கள். முகம் சுளிக்கும் வீட்டில்தான் அம்மாமார் இருட்டில் தனியே நடக்கிறார்கள்.

டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

'கால் வலிக்குது' என்று மட்டும் சொன்னால் வலிக்குத்தான் மருந்து கிடைக்கும். உங்கள் சொந்தச் சொல்லில் சொல்லுங்கள்: புழு நெளியுது, எறும்பு ஊருது, உளையுது, குடையுது. எப்போது வருது, எதில் நிற்குது என்றும் சொல்லுங்கள். போடும் குளிசைகள் எல்லாவற்றையும், கடையில் வாங்கியது உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். ஆனால் டாக்டர் எழுதிய எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நம் சொல்லுக்கு மதிப்பில்லை என்று கூச வேண்டாம். அந்த அம்மா இருக்கும் அதே மானிப்பாயில், 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கி, தமிழிலேயே மாணவர்களுக்கு மருத்துவம் படிப்பித்தார். நோயாளியின் மொழியில் வைத்தியம் நடக்க வேண்டும் என்று நம்பியவர். அப்போதே முடிந்தது இப்போது முடியாதா?

இரும்பு போட்டும் குறையாவிட்டால் கபாபென்ரின், பிரிகபலின் போன்ற மருந்துகளை டாக்டர் யோசிப்பார். வயதானவர்களுக்கு அவற்றால் தலைச்சுற்று வரலாம், விழலாம். ஆகவே டாக்டர் சொன்ன அளவுதான்.

உடனே போக வேண்டிய நேரம்

• ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, தொட்டால் நோகும். இரத்தம் கட்டியிருக்கலாம்.
• திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் இரத்தம்.
• காயம் சிவந்து சீழ் வடிதல், காய்ச்சல், நடுக்கம்.
• விழுந்த பிறகு காலை ஊன்ற முடியாமை.

இவற்றுக்கு விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். 2016 இல் தொடங்கி, 2018 இல் யாழ்ப்பாணத்துக்கும் வந்த சேவை இது.

அந்த அம்மா இப்போது

அடுத்த கிளினிக்கில் மகளும் கூடப் போனார். புழு நெளிகிற கதையை அப்படியே சொன்னார்கள். இரத்தம் பார்த்ததில் இரும்பு குறைவு. பிரிற்றன் நின்றது. இரும்புக் குளிசை தேசிக்காய்த் தண்ணீரோடு என்று மாறியது. சாயத்தண்ணி பத்து மணிக்குப் போனது. ஒரே நாளில் சுகமாகவில்லை. இரும்புச் சேமிப்பு நிரம்ப மாதக்கணக்கு ஆகும். இரண்டு மாதம் கழித்து நான் போன் எடுத்தபோது, "இப்ப கிழமைக்கு ஒரு நாள் ரெண்டு நாள்தாங்க வருது. வந்தா மகள எழுப்பிடுறேன்" என்றார். அந்தக் கடைசி வார்த்தை எனக்குப் பெரிய ஆறுதல்.

வீட்டில் பேசிப் பார்க்க

1. நம் வீட்டில் யாருக்காவது இரவில் கால் ஓயாமல் இருக்கிறதா? ஒபரேசன் செய்யாதவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும்கூட வரும். கேட்டுப் பாருங்கள்.
2. இரும்புக் குளிசையை நாம் எதோடு போடுகிறோம்?
3. ராத்திரி எழும்புகிறவரின் கைக்கு எட்டும் தூரத்தில் டோர்ச்சும் தடியும் இருக்கிறதா?

வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். சந்தேகம் இருந்தால் தோட்டத்து டிஸ்பென்சரியில் கேளுங்கள். நிம்மதியான நித்திரை எல்லோருக்கும் கிடைக்கட்டும்.

— நலன்புரி உத்தியோகத்தர்